30 தாள், பசை இல்லை: சோனோபே பந்து எப்படி நிற்கிறது?

[திரையில்: மேசையில் முள் முள்ளாக ஒரு மூன்று நிறக் காகிதப் பந்து உருள்கிறது]

இதில் பசையும் இல்லை, நூலும் இல்லை. ஒரே மாதிரி மடித்த 30 சதுரத் தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கின்றன, அவ்வளவுதான். இந்த மடிப்புக்கு ஜப்பானியர் மிட்சுனோபு சோனோபேயின் பெயர்.

[மேலிருந்து: கைகளும் ஒரு தாளும்]

நடுவில் மடித்துத் திறந்து, இடது வலது ஓரங்களை நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், அலமாரிக் கதவு மாதிரி. கதவைத் திறந்து, தாளின் மேல் வலது மூலையையும் கீழ் இடது மூலையையும் பக்கத்து மடிப்புக்கோடு வரை சின்ன முக்கோணமாக மடித்துவிட்டு, மறுபடி மூடுங்கள். இப்போது மேல் இடது மூலையைச் சாய்வாக வலது ஓரத்துக்கு இழுத்து வலது கதவுக்கு அடியில் செருக வேண்டும், கீழ் வலது மூலைக்கும் இதேதான், இடது கதவுக்கு அடியில். சாய்ந்த நாற்கரம் கிடைக்கும். திருப்பிப் போட்டு இரண்டு கூர்முனைகளையும் உள்ளே மடித்தால் சதுரம். கடைசியாக அந்தச் சதுரத்தை மூலைக்கு மூலை ஒரு மடிப்பு, கதவுகள் வெளியே தெரிகிற மாதிரி.

முனை இரண்டும் நாக்கு, கதவுப் பக்கம் இரண்டு பை. இப்படி மடித்த ஒரு தாள்தான் ஒரு யூனிட். ஒரு யூனிட்டை மட்டும் இடம் வலம் மாற்றி மடித்தாலும் அது மற்றவற்றோடு சேராது, அதனால் முதல் யூனிட்டை மாதிரிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பளபளப்புத் தாள் வேண்டாம், வழுக்கும். சாதாரண ஜெராக்ஸ் பேப்பரே நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

[நெருக்கத்தில்: மூன்று யூனிட்டுகள் சேர்ந்து ஒரு கூம்பு ஆகிறது]

மூன்று யூனிட், ஒன்றின் நாக்கு அடுத்ததன் பைக்குள். முக்கோண அடி உள்ள ஒரு கூம்பு வரும். எல்லா வடிவமும் இந்தக் கூம்புகள்தான், ஒரு புள்ளியைச் சுற்றி எத்தனை கூம்பு வைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. மூன்று வைத்தால் 6 யூனிட்டில் கனசதுரமாக மூடிக்கொள்ளும். நான்கு என்றால் 12. ஐந்து என்றால்தான் நம்முடைய 30. சரி, ஆறு வைத்தால்? மூடவே மூடாது, தட்டையாகப் பரந்துகொண்டே போகும்!

30 எங்கிருந்து வந்தது என்றால், உள்ளே ஒளிந்திருப்பது 20 முக்கோண முகங்கள் கொண்ட ஐகோசஹெட்ரான், அதற்கு 30 விளிம்புகள், விளிம்புக்கு ஒரு யூனிட். பலர் முகங்களை எண்ணித் தாள் வெட்டுகிறார்கள், எண்ண வேண்டியது விளிம்பை.

நிறத்துக்கு ஒரு யோசனை: மூன்று நிறம், நிறத்துக்குப் பத்து. ஒவ்வொரு கூம்பிலும் மூன்று நிறமும் ஒருமுறை வருமாறு கோக்க முடியும், ஆனால் போகப்போகத் தானாக அமையாது, பாதியில் இரண்டு மூன்றைக் கழற்றி மாற்ற வேண்டிவரும். அப்புறம் கடைசி யூனிட், அதற்கு இடம் இறுக்கமாக இருக்கும், பக்கத்து நாக்குகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு உள்ளே தள்ளுங்கள்.

[திரையில்: கால்பந்து வடிவ காகிதக் கூடு]

இது அமெரிக்கக் கணிதவியலாளர் தாமஸ் ஹல்லின் ஃபிஸ் யூனிட். இதிலும் விளிம்புக்கு ஒன்றுதான். கால்பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம், ஒவ்வொரு விளிம்பும் இரண்டு முகங்களுக்குப் பொது. மொத்தம் 180 பக்கம், அதில் பாதி 90. அடுத்த வீடியோவுக்கு 90 தாள் வெட்டி வையுங்கள்.