கட்டைப் பிரிக்கும் முன்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய அஞ்சலட்டைகளைச் சேர்ப்பவரும் தம் குடும்பத்துப் பழைய காகிதங்களைப் பாதுகாப்பவரும் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் இருவரும் அடுக்கும் முறை ஒன்றுக்கொன்று நேர் எதிரானது. அந்த முரண்பாடு தெரியாமல் ஒரு பழைய பெட்டியில் கை வைப்பவர், கரையானும் ஈரமும் செய்யாத சேதத்தை ஒரே மாலைப் பொழுதில் செய்துவிட முடியும். அதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

சேகரிப்பாளருக்கு அட்டைதான் பொருள். பாலங்கள் ஒரு தொகுப்பு, கப்பல்கள் ஒரு தொகுப்பு, ஊர்கள், அச்சிட்ட நிறுவனங்கள் என்று வகை பிரித்து ஆல்பத்தில் வைப்பார். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் ஆவணக் காப்பகங்கள் வேறொரு நெறியைப் பின்பற்றுகின்றன. 1841-ஆம் ஆண்டு பிரான்சில் வெளியான அரசுச் சுற்றறிக்கை ஒன்று, ஒரு நிறுவனத்திடமிருந்தோ ஒரு குடும்பத்திடமிருந்தோ ஒரு தனி மனிதரிடமிருந்தோ வந்த தாள்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், பிறருடையவற்றோடு கலக்கக் கூடாது என்று வகுத்தது. 1898-இல் முல்லர், ஃபெயித், ஃபிரூயின் என்ற மூன்று டச்சு ஆவணக் காப்பாளர்கள் எழுதிய கையேடு, அந்தத் தாள்கள் முதலில் இருந்த வரிசையையும் மதிக்க வேண்டும் என்பதை நிலைநிறுத்தியது. அரசு அலுவலகங்களின் கோப்புகளை மனத்தில் வைத்து எழுந்த விதிதான் இது. என்றாலும், ஒரு வீட்டுப் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் காணவில்லை.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். நூலால் கட்டிய ஒரு கத்தையில், 'நலமாக வந்து சேர்ந்தேன்' என்ற ஒற்றை வரியோடு, கையெழுத்தில்லாத ஒரு துறைமுகப் பட அட்டை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு மேலே ஒரு கப்பல் பயணச் சீட்டின் கிழிந்த பாதி. கீழே அதே மாதம் தேதியிட்ட ஒரு வாடகை ரசீது. சீட்டு பயணியின் பெயரைச் சொல்கிறது, ரசீது அவர் குடியேறிய முகவரியைச் சொல்கிறது, அட்டை அவர் வந்து சேர்ந்ததை உறுதி செய்கிறது. படம் அழகாக இருக்கிறதே என்று அந்த அட்டையை மட்டும் உருவித் துறைமுகங்கள் என்ற ஆல்பத்தில் செருகிவிட்டால், எழுதியவர் யாரென்று சொல்ல இனி எதுவும் இல்லை. மூன்று தாள்களும் பத்திரமாகவே இருக்கும். செய்தி மட்டும் போய்விடும்.

ஆகவே கட்டை அவிழ்ப்பதற்கு முன் அதைப் படமெடுங்கள். பெட்டியில் எது மேலே, எது அடியில், எந்த உறைக்குள் எது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கட்டு எண்ணும் வரிசை எண்ணும் கொடுத்து ஒரு பட்டியல் எழுதுங்கள். பாலங்களையும் கப்பல்களையும் ஒன்றாகப் பார்க்க ஆசை இருந்தால், பட்டியலில் பொருள் என்று ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும். தாள்கள் இருந்த இடத்திலேயே இருக்க, பட்டியலை எத்தனை விதமாக வேண்டுமானாலும் அடுக்கிப் பார்க்கலாம்.

அடுத்து, தேதி இல்லாத அட்டையின் காலத்தைக் கணிப்பது. என்னைப் பொறுத்தவரை இந்த வேலையில் மிகுந்த சுவை தருவது இதுதான். உலகின் முதல் அரசு அஞ்சலட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியில் வெளியானது. தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. பட அட்டைகள் வந்த பிறகும் அந்த விதி நீடித்ததால், எழுத வேண்டியதைப் படத்தின் பக்கத்திலேயே எழுத வேண்டியிருந்தது. அடியில் விடப்பட்ட வெள்ளைப் பட்டையில் தொடங்கி, இடம் போதாமல் அட்டையைத் திருப்பி ஓரமாக ஏறி, கடைசியில் கோபுர உச்சிக்கு மேலுள்ள வானத்தில் முடியும் கடிதங்களைப் பார்த்திருப்பீர்கள். முகவரிப் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத பிரிட்டன் 1902-இலும் ஜெர்மனி 1905-இலும் அமெரிக்கா 1907-இலும் அனுமதித்தன. எனவே பின்பக்கத்தில் கோடு இருக்கிறதா என்ற ஒரு கேள்வியே பல அட்டைகளின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் கொண்டுவந்துவிடும்.

அச்சிடாமல், புகைப்படத் தாளிலேயே நேரடியாக எடுக்கப்பட்ட அட்டைகளும் உண்டு. அஞ்சலட்டை அளவுக்கே படச்சுருள் கொண்ட ஒரு கேமராவை கோடாக் நிறுவனம் 1903-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, குடும்பத்தினரே தங்களைப் படமெடுத்து அட்டையாக அனுப்பும் வழக்கம் பரவியது. இவற்றில் பெரும்பாலும் தபால்தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றித் தாளின் வணிகப் பெயர் இருக்கும். 'அஸோ' (AZO) என்ற பெயரோடு நான்கு மூலையிலும் முக்கோணங்கள் மேல்நோக்கி இருந்தால் 1904 முதல் 1918 வரையிலான தாள் என்றும், இரண்டு மேலும் இரண்டு கீழுமாக இருந்தால் அதற்குப் பிந்தியது என்றும் கொள்வது வழக்கம். அஞ்சல் முத்திரையை மட்டும் நம்பிப் படத்துக்குத் தேதி போட்டுவிடாதீர்கள். ஒரே காட்சியைப் பல ஆண்டுகள் அச்சிட்டு விற்றார்கள்; அட்டை அதற்குப் பிறகு எடுக்கப்பட்டதல்ல என்பதை மட்டுமே முத்திரை சொல்லும். அந்த முத்திரையையும் சேர்த்துத் தபால்தலையை வெட்டி எடுத்துக்கொண்ட தபால்தலைப் பிரியர்களை என்னால் அவ்வளவு எளிதில் மன்னிக்க முடிவதில்லை.

பாதுகாப்பு முறைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். துருப்பிடித்த குண்டூசி, கிளிப், ரப்பர் வளையம் ஆகியவற்றை மெல்ல நீக்குங்கள். கிழிசலுக்கு ஒட்டுநாடா வேண்டாம். அதன் பசை சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. எழுதுவதானால் பென்சிலால், பின்பக்க ஓரத்தில், அழுத்தாமல் எழுத வேண்டும். பிவிசி உறைகள் நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டுப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறைகளையே வாங்குங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு பெருகிய மரக்கூழ்க் காகிதம் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கக்கூடியது. கந்தல் துணியில் செய்த பழைய காகிதம் அதைவிட நூறாண்டு மூத்ததாக இருந்தும் உறுதியாக இருப்பதைக் காணலாம். செய்தித்தாள் நறுக்குகளைக் கடிதங்களோடு நெருக்கி வைத்தால் அந்தப் பழுப்பு பக்கத்துத் தாளுக்கும் தொற்றும். நறுக்கை நகலெடுத்து, நகலை அதே இடத்தில் வைத்து, மூலத்தைத் தனி உறைக்கு மாற்றிப் பட்டியலில் குறித்துவிடுங்கள். இராமபாணப் பூச்சிக்கு அஞ்சி அந்துருண்டை போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் ஆவி மனிதருக்கும் கேடு. ஈரமும் தூசியும் இல்லாத அலமாரியும் அவ்வப்போது திறந்து பார்க்கும் பழக்கமும் அதைவிட நன்று.

ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கங்களையும் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் எடுங்கள், எழுத்தே இல்லாத பின்பக்கம் உட்பட. அச்சகத்தின் பெயரும் தாளின் அடையாளமும் அங்கேதான் இருக்கின்றன. கோப்புக்குப் பட்டியலில் உள்ள எண்ணையே பெயராகக் கொடுத்து, முன்பக்கம், பின்பக்கம் என்று சேர்த்துவிட்டால் கணினியில் தேடுவதும் பெட்டியில் தேடுவதும் ஒன்றாகிவிடும். ஸ்கேன் செய்தாயிற்றே என்று மூலத்தைக் கழித்துவிட வேண்டாம்.

குடும்பக் காகிதங்களில் நோய், கடன், மனக்கசப்பு பற்றிய கடிதங்களும் இருக்கும். அவற்றில் பேசப்படுபவர்கள் சிலர் இன்றும் உயிரோடு இருக்கலாம். சங்கடம் தருகின்றன என்பதற்காக அவற்றை எரிப்பதும் சரியல்ல, எல்லோரும் பார்க்கும்படி ஸ்கேன் தொகுப்பில் சேர்ப்பதும் சரியல்ல. தனி உறையில் இட்டு, எந்த ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்று உறையின் மேல் எழுதி, அதே கட்டில் அதே இடத்தில் வைத்துவிடுங்கள். பட்டியலில் அதன் எண் இருக்கட்டும். உள்ளே இருப்பதைப் பற்றிய குறிப்பை மட்டும் அந்த ஆண்டு வரை எழுதாமல் விடலாம்.