பொறுப்பைக் கொடுங்கள், வசதி பின்னாலேயே வரும்

நடுவர் அவர்களே, சுங்கை சிப்புட் மண்டபம் நிறைய வந்திருக்கும் தோட்டத்துச் சொந்தங்களே, வணக்கம்.

சுகாதார அமைப்புகள் மாற்றுத்திறனாளிகளுக்கு முதலில் தர வேண்டியது வசதியா, பொறுப்பா? வசதிதான் என்று எதிரணி அக்கா அழகாகப் பேசினார். சாய்தளம், சக்கர நாற்காலி, தனி வரிசை. சரி, எல்லாம் வேண்டும்தான். ஆனால் யாரைக் கேட்டுக் கட்டுவது?

என் சித்தப்பா செம்பனைக் குலை வெட்டியவர். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு முற்றி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் போகும் கிளினிக்கில் சாய்தளம் இருக்கிறது. மேலே ஏறினால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. திறக்க வேண்டுமென்றால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், பின்னால் சரிவு! நாற்காலியில் வரும் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, உலகில் 130 கோடிப் பேர், ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க உடல் அல்லது மனக் குறைபாட்டோடு வாழ்கிறார்கள். அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டு வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள். அவர்களை நினைக்காமல் கட்டிய கிளினிக்குகளுக்கும் அதில் பங்கு உண்டு, நடுவர் அவர்களே.

"மருந்து கொடுக்கும் இடத்தில் இவர்களுக்கு என்ன வேலை?" என்று எதிரணித் தம்பி கேட்டார். தம்பி, பாதத்தைக் கவனியுங்கள் என்று டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு வருகிறோம். சித்தப்பா கால்சட்டையை மடித்துக் காட்டி, "சின்னக் கொப்புளம்தானே என்று பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்" என்று சொன்னால், கேட்டவர்கள் வீட்டுக்குப் போனதும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். அந்த வேலையைச் சம்பளத்தோடு கொடுங்கள் என்கிறேன். மேடையேற்றி மாலை போட்டு அனுப்ப வேண்டாம்.

சட்டம் இல்லையா? 2008இலேயே மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. 2010இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா ஏற்றது. அவர்களைப் பற்றிய முடிவுகளை அவர்களோடு கலந்துபேசி எடுக்க வேண்டும் என்கிறது அதன் 4ஆவது பிரிவு. அரசு வேலையில் 1 விழுக்காடு அவர்களுக்கு என்ற கொள்கையும் இருக்கிறது. அடிபட்ட தொழிலாளர்களை மறுபடி வேலையில் சேர்க்கும் திட்டத்தைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2007 முதல் நடத்துகிறது. தோட்டத்துக்கே திருப்பி அனுப்ப முடியும் என்றால், கிளினிக்கின் பதிவு கவுண்டரில் உட்கார வைக்க முடியாதா?

செலவு என்பீர்கள். கட்டிய கதவைப் பிடுங்கி மறுபடி மாட்டுவதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? நான் கேட்பது, கிளினிக் ஆலோசனைக் குழுவில் இரண்டு இடம். காது கேளாதவர் வந்தால் பக்கத்தில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். இதைக் கொடுக்க முடியாது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லட்டும் எதிரணி, கேட்கிறேன்.