முற்றைத் தேடினால் வாக்கியம் பிடிபடும்

நேயர்களுக்கு வணக்கம். ஆங்கில வாக்கிய வகைகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீடுகளில் இதைக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி இருக்கிறதே, அதற்காக ஒரு அட்டவணையை மனப்பாடம் செய்கிறார்கள். 'இன் ஸ்பைட் ஆஃப்' வந்தால் சிம்பிள், 'பட்' வந்தால் காம்பவுண்ட், 'ஆல்தோ' வந்தால் காம்ப்ளெக்ஸ். மதிப்பெண் கிடைத்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் இல்லாத ஒரு வாக்கியத்தைக் காட்டி இது என்ன வகை என்று கேட்டால் நன்றாகப் படிக்கிற பிள்ளையே திணறுகிறது, சொந்தமாக எழுதச் சொன்னால் 'ஆல்தோ இட் ரெய்ன்ட், பட் வீ வென்ட்' என்று 'ஆல்தோ'வையும் 'பட்'டையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறது. இரண்டில் ஒன்றுதான் வர வேண்டும்.

இதில் எனக்கு உண்மையான வருத்தம் ஒன்று உண்டு. இதைப் புரிந்துகொள்ளத் தேவையான கருவியை நம் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பிலேயே கொடுத்துவிடுகிறோம், ஆங்கில வகுப்பில் அதை எடுக்கச் சொல்வதில்லை. முற்றும் எச்சமும்தான் அந்தக் கருவி. 'வந்தான்' என்றால் முற்று, பேச்சு அங்கே முடிந்துவிடும். 'வந்து', 'வந்த' என்றால் எச்சம், இன்னும் ஏதோ வரவேண்டும். ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. 'ஹி கேம்', 'ஷி இஸ் சிங்கிங்', 'தே வில் கோ' எல்லாம் முற்று. 'டு கோ', தனியாக வருகிற 'சிங்கிங்', இவையெல்லாம் நம் எச்சம் மாதிரி, தனியே நிற்காது.

சரி, இப்போது எண்ணிப் பாருங்கள். எழுவாயோடு கூடிய முற்று ஒன்றே ஒன்று இருந்தால் அது சிம்பிள், வாக்கியம் நான்கு வரிக்கு நீண்டாலும் சரி. தனக்கென்று எழுவாயும் முற்றும் உள்ள இரண்டு பகுதிகள் சரிசமமாக நின்றால் காம்பவுண்ட். ஒன்று இன்னொன்றின்மேல் சாய்ந்துகொண்டிருந்தால் காம்ப்ளெக்ஸ். சமமாக நிற்பதும் சாய்வதும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் காம்பவுண்ட் காம்ப்ளெக்ஸ்.

இணைப்புச் சொல்லை மட்டும் பார்த்தால் எங்கே ஏமாறுவோம் தெரியுமா? 'ரவி அண்ட் மாலா பாட் ஃபிஷ்' என்பதில் 'அண்ட்' இருக்கிறது, ஆனால் அது சிம்பிள்தான், மீன் வாங்கியவர்கள் இரண்டு பேர், முற்று ஒன்று. 'ஐ நோ ஹி கேம்' என்பதில் இணைப்புச் சொல்லே கண்ணில் படவில்லை, மொத்தமே நான்கு சொல், ஆனாலும் காம்ப்ளெக்ஸ், ஏனென்றால் 'நோ', 'கேம்' என்று இரண்டு முற்று இருக்கின்றன, 'தட்' என்கிற சொல் மறைந்து நின்று 'ஹி கேம்' என்பதை 'ஐ நோ' என்பதன்மேல் சாய்க்கிறது. 'ஆஃப்டர் தி ரெய்ன் வீ வென்ட் அவுட்' சிம்பிள். 'ஆஃப்டர் தி ரெய்ன் ஸ்டாப்ட், வீ வென்ட் அவுட்' காம்ப்ளெக்ஸ். இரண்டிலும் அதே 'ஆஃப்டர்'தான், கூடுதலாக ஒரு முற்று வந்து வகையையே மாற்றிவிட்டது.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானா என்றால், இல்லை. 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுட்டுக் கொல்லப்பட்ட மாலையில், நேரு அகில இந்திய வானொலியில்தான் நாட்டோடு பேசினார். 'தி லைட் ஹாஸ் கான் அவுட் ஆஃப் அவர் லைவ்ஸ், அண்ட் தேர் இஸ் டார்க்னஸ் எவ்ரிவேர்' என்றார். நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது, எங்கும் இருள். காம்பவுண்ட் வாக்கியம், ஒரு சாதாரண 'அண்ட்'. ஒளி போனதால் இருள் வந்தது என்று காரணம் காட்டி ஒன்றை இன்னொன்றுக்குக் கீழே வைத்திருந்தால் அது விளக்கம் சொல்கிற வாக்கியமாகப் போயிருக்கும். இரண்டும் சமமாக நிற்பதால்தான் இரண்டு அடி விழுந்த மாதிரி இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்கு முந்தைய ஆண்டு, 1947 ஆகஸ்ட் 14 இரவு அரசியல் நிர்ணய சபையில் அவர் பேசிய பேச்சு 'லாங் இயர்ஸ் அகோ வீ மேட் எ ட்ரிஸ்ட் வித் டெஸ்டினி, அண்ட் நவ் தி டைம் கம்ஸ் வென் வீ ஷால் ரிடீம் அவர் ப்ளெட்ஜ்' என்று தொடங்கி இன்னும் நீளும். முற்றுகளைப் பொறுக்குங்கள்: மேட், கம்ஸ், ஷால் ரிடீம். முதல் இரண்டும் சமம், மூன்றாவது 'டைம்' என்ற சொல்லின்மேல் சாய்ந்திருக்கிறது, ஆக காம்பவுண்ட் காம்ப்ளெக்ஸ். பழைய நாளின் உறுதி, வந்துவிட்ட நேரம், அந்த நேரத்தில் செய்யப்போவது, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல அந்த அமைப்பு இடம் கொடுத்தது.

இனி நம் ஆட்களுக்கே உரிய ஒரு சிக்கல். தமிழில் 'மழையில் நனைந்து வீட்டுக்கு வந்த தம்பி சாப்பிடாமல் படுத்துவிட்டான்' என்று சொல்கிறோம். எத்தனை செயல் இருந்தாலும் முற்று கடைசியில் ஒன்றுதான், மற்றதெல்லாம் எச்சமாக வரிசை கட்டி நிற்கும். இதை ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த எச்சங்களை என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளைகள் 'அண்ட்', 'அண்ட்' என்று கோர்த்துக்கொண்டே போகிறார்கள், அல்லது துண்டு துண்டாக நான்கு சிம்பிள் வாக்கியம் எழுதுகிறார்கள். 'மை பிரதர், ஹூ கேம் ஹோம் ட்ரென்ச்ட் இன் தி ரெய்ன், வென்ட் டு பெட் வித்தவுட் ஈட்டிங்' என்று எழுதலாம். 'வந்த' என்ற பெயரெச்சம் 'ஹூ கேம்' என்று முற்றோடு கூடிய ஒரு பகுதியாக விரிந்துவிட்டது, 'நனைந்து', 'சாப்பிடாமல்' இரண்டும் முற்றில்லாத தொடர்களாகவே தங்கிவிட்டன. எதை விரிப்பது, எதைச் சுருக்கியே வைப்பது என்பது பழகப் பழகத்தான் வரும், ஆனால் கேள்வியே இதுதான் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம், செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என்ற இன்னொரு பாகுபாடு. இதில் பெரிய சிரமம் இல்லை, ஒரே ஒரு இடத்தைத் தவிர. நேர்க்கேள்வியில் 'வேர் இஸ் தி ஸ்டேஷன்?' என்று 'இஸ்' முன்னால் வரும். அந்தக் கேள்வியே இன்னொரு வாக்கியத்துக்குள் போய்ச் சாய்ந்துகொண்டால் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும், 'கேன் யூ டெல் மி வேர் தி ஸ்டேஷன் இஸ்?' என்றுதான் சொல்ல வேண்டும். பல வருடம் ஆங்கிலம் பேசியவர்கள்கூட 'வேர் இஸ் தி ஸ்டேஷன்' என்றே அங்கும் விட்டுவிடுவதை அடிக்கடி கேட்கலாம். உணர்ச்சி வாக்கியத்திலும் அப்படித்தான், 'வாட் எ பியூட்டிஃபுல் ஹவுஸ் இட் இஸ்!' என்று 'இஸ்' கடைசியில் நிற்கும். 'இஸ் இட்' என்று திருப்பிவிட்டால் வியப்பு கேள்வி மாதிரி ஆகிவிடுகிறது. நன்றி, வணக்கம்.