எம்கேடாக்ஸில் தமிழ்க் கையேடு: தளம் போடுவதும் லிங்க்கைக் காப்பதும்

[திரை: உலாவியின் முகவரிப் பட்டை மட்டும், பெரிதாக]

இந்த முகவரியின் வாலைப் பாருங்கள். ஹாஷ் குறி, ஒரு கீழ்க்கோடு, அப்புறம் 4. தமிழ்99 விசைப்பலகைக்கு நான் எழுதிய கையேட்டில் "புள்ளி வைப்பது எப்படி" என்ற பகுதிக்குப் போகும் லிங்க் இது. வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்காவது அனுப்பியிருப்பேன். இன்று அதைத் தட்டினால் "கிரந்த எழுத்துகள்" பகுதியில் போய் நிற்கிறது. லிங்க்கை யாரும் தொடவில்லை. பக்கத்தில் மேலே ஒரு புதுத் தலைப்பு சேர்த்தேன், அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று பார்ப்பதற்கு முன், தளத்தை எப்படிப் போட்டேன் என்று வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

[திரை: டெர்மினல்]

எம்கேடாக்ஸ் என்பது மார்க்டவுனில், அதாவது எளிய குறிகளோடு எழுதிய வெற்று உரையில், இருக்கும் கோப்புகளை இணையதளமாக மாற்றும் கருவி. பைத்தான் இருந்தால் போதும். பிப் இன்ஸ்டால் எம்கேடாக்ஸ். அடுத்து எம்கேடாக்ஸ் நியூ, அதோடு ஒரு கோப்புறைப் பெயர். உள்ளே இரண்டே பொருள்கள் வந்திருக்கும்: அமைப்புகளுக்கு ஒரு யாமல் கோப்பு, பக்கங்களுக்கு டாக்ஸ் என்ற கோப்புறை. எம்கேடாக்ஸ் சர்வ் என்று அடித்துவிட்டு, உலாவியில் 127.0.0.1, போர்ட் 8000 திறந்தால் தளம் தெரியும். மார்க்டவுனில் எழுதிச் சேமித்தால் பக்கம் தானே புதுப்பித்துக்கொள்ளும். யாமலில் மட்டும் டேப் விசையைத் தொடாதீர்கள். அது ஸ்பேஸை மட்டுமே ஏற்கும்.

ஜெகில், ஹ்யூகோ, ஸ்ஃபிங்ஸ், டாக்யூசாரஸ் என்று வேறு கருவிகளும் உண்டு. கையேடு எழுத மட்டும் என்றால் எனக்கு எம்கேடாக்ஸ் பிடிக்கும். நாலு கட்டளைக்கு மேல் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

வேர்ட்பிரஸ் மாதிரியான தளம் ஆர்டர் வந்தபின் ஊற்றும் தோசை. எம்கேடாக்ஸ் கட்டுவது நிலைத்தளம், அதாவது பக்கங்கள் முன்பே தயாராக இருக்கும் தளம். அது பாக்கெட் போட்டு அடுக்கிய முறுக்கு. கேட்டதும் சர்வர் எடுத்துக் கொடுக்கும். டேட்டாபேஸ் இல்லை, பாஸ்வேர்டு திருட லாகின் பக்கமும் இல்லை.

[திரை: கிட்ஹப் ரெப்போ]

நான்காவது கட்டளை எம்கேடாக்ஸ் ஜிஎச் டிப்ளாய். தளத்தைக் கட்டி, கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் ஜிஎச் பேஜஸ் என்ற கிளையில் ஏற்றிவிடும். ரெப்போ, அதாவது அங்கே நம் கோப்புகள் இருக்கும் இடம், பொதுவில் இருந்தால் செலவு இல்லை. தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதத்துக்கு 100 ஜிபி வரை போக்குவரத்து. எழுத்துக்கு இது தாராளம். வீடியோவை உள்ளே கொட்டினால்தான் வம்பு.

சொந்த டொமைன் வாங்கி கிட்ஹப் அமைப்பில் போட்டேன், வேலை செய்தது. மறுநாள் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி ஏற்றினேன், டொமைன் காணோம். அமைப்பில் டொமைனைக் கொடுத்தபோது சிநேம் என்ற சின்னக் கோப்பு ஒன்று அந்தக் கிளையில் உருவாகியிருந்தது. ஒவ்வொரு டிப்ளாயும் கிளையைப் புதிதாக எழுதுவதால் அந்தக் கோப்பு போய்விட்டது. டொமைன் பெயரை மட்டும் எழுதி, சிநேம் கோப்பை டாக்ஸ் கோப்புறைக்குள்ளேயே வையுங்கள். அப்புறம் போகாது.

படம் தெரியவில்லை என்ற புகார் வந்தால் முதலில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. கிட்ஹப்பில் வேறு வேறு.

[திரை: மீண்டும் அந்த முகவரி]

சரி, அந்தக் கீழ்க்கோட்டு 4. மார்க்டவுனை மாற்றும் நிரல், ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அடையாளப் பெயர் வைக்கும். இயல்பாக ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். தமிழ்த் தலைப்பில் அப்படி எறிந்தால் மிச்சம் ஒன்றுமில்லை. அதனால் வரிசை எண் போடுகிறது: கீழ்க்கோடு 1, கீழ்க்கோடு 2. நடுவில் ஒரு தலைப்பு நுழைந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒரு இடம் நகரும்.

தமிழ் எழுத்தையும் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளும் யுனிகோட் வழி ஒன்றும் இருக்கிறது. ஆசையாகப் போட்டுப் பார்த்தேன்.

[திரை: "பளள-வபபத-எபபட"]

படித்துப் பாருங்கள். "புள்ளி வைப்பது எப்படி" இப்படி ஆகிவிட்டது. பைத்தானின் கணக்கில் எழுத்தும் எண்ணும்தான் சொல்லில் சேர்த்தி. யுனிகோட் நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக அல்ல, குறியாக வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் அவை உதிர்ந்துவிடுகின்றன. புள்ளியைப் பற்றிய தலைப்பிலிருந்தே புள்ளி போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நான் கடைசியில் பிடித்த வழி: யாமலில் ஆட்டர் லிஸ்ட் என்ற நீட்சியைச் சேர்த்து, ஒவ்வொரு தலைப்பு வரியின் முடிவிலும் நெளி அடைப்புக்குறிக்குள் ஹாஷ் போட்டு, நானே ஆங்கில எழுத்தில் பெயர் வைத்துவிட்டேன். தலைப்பின் வாசகத்தை நாளை மாற்றினாலும் அடையாளம் மாறாது.

கோப்புப் பெயருக்கும் இதே கதைதான். "புள்ளி" என்று கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது அந்த ஒரு சொல் மட்டும் சதவீதக் குறிகளோடு 54 எழுத்தாக நீண்டுவிடும். கோப்புப் பெயர் ஆங்கில எழுத்தில், பக்கத் தலைப்பு தமிழில் என்று பிரித்துக்கொண்டேன்.

[திரை: சிவப்பு எச்சரிக்கை வரி]

இனி உடைந்தால் எனக்கு முன்னாலேயே தெரிய வேண்டும். தளத்தைக் கட்ட மட்டும் செய்யும் பில்ட் கட்டளையோடு ஸ்ட்ரிக்ட் என்று சேர்த்தால், இல்லாத பக்கத்துக்கு லிங்க் இருந்தாலே கட்டுவதை நிறுத்திவிடும். தலைப்பு அடையாளங்களை எம்கேடாக்ஸ் 1.6 பதிப்பிலிருந்து சோதிக்கிறது. ஆனால் இயல்பாக வெறும் தகவலாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். யாமலின் வேலிடேஷன் பகுதியில் ஆங்கர்ஸ் என்பதை வார்ன் என்று மாற்றினால்தான் ஸ்ட்ரிக்ட் அதையும் பிடிக்கும். வெளித்தளங்களுக்குப் போகும் லிங்க்கை இது பார்க்காது, அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

பக்கத்தின் பெயரையே மாற்ற நேர்ந்தால் ரீடைரக்ட்ஸ் செருகுநிரல் இருக்கிறது. பழைய முகவரியில் ஒரு குட்டிப் பக்கத்தை விட்டுவைத்து, வருபவரைப் புது இடத்துக்கு அனுப்பிவிடும். நிறுவிய பதிப்பு எண்களையும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு கணினியில் கட்டும்போது அருமை தெரியும்.

ஏற்கெனவே பரவிப்போன அந்த லிங்க்கை என்ன செய்வது? எல்லாத் தலைப்புக்கும் பெயர் வைத்தாயிற்று, எனவே கீழ்க்கோடு 4 இப்போது யாருக்கும் சொந்தமில்லை. "புள்ளி வைப்பது எப்படி" தலைப்புக்கு மேலே, அந்தப் பழைய அடையாளத்தோடு ஒரு வெற்று ஆங்கர் டேக் போட்டேன். ஒரே வரி. ஏற்றிவிட்டு, போனில் அந்தப் பழைய வாட்ஸ்அப் செய்தியைத் தேடித் தட்டினேன்.

[திரை: போனில் பக்கம் திறந்து, "புள்ளி வைப்பது எப்படி" தலைப்பில் வந்து நிற்கிறது]