வாட்டர்லூவுக்குக் கீழே ஒரு சுவர்

எல்லோருக்கும் வணக்கம். லண்டன் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் ஒரே ஒரு இடத்தைத்தான் கட்டாயம் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறேன்.

வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு அடியில் லீக் ஸ்ட்ரீட் என்று ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 300 மீட்டர். 2008 மே மாதம், முகம் காட்டாமல் தெருச் சுவர்களில் வரைகிற பாங்ஸி என்ற ஓவியர் அங்கே ஒரு ஸ்டென்சில் ஓவிய விழா நடத்தினார், அதாவது வெட்டிய அச்சுத் தாளை வைத்து அதன் மேல் பெயின்ட் அடித்து வரையும் ஓவியங்களின் விழா. அன்றிலிருந்து அந்தச் சுவரில் யார் வேண்டுமானாலும் ஸ்ப்ரே கேனோடு வந்து வரையலாம், ஒளிந்து வரைய வேண்டிய அவசியம் இல்லை. உள்ளே நுழைந்ததும் முதலில் தெரிவது படம் இல்லை, பெயின்ட் வாசனை. மூச்சுத் தொல்லை இருக்கிறவர்கள் நல்ல மாஸ்க் இல்லாமல் போகாதீர்கள், இதை நான் மிகவும் அக்கறையோடுதான் சொல்கிறேன்.

அங்கே போகிற பலர் வண்ணமான இடமாகப் பார்த்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். ஏனென்றால் அந்த இடத்தின் பெரிய அதிசயமே, ஒருவர் வரைவதை முழுசாக நின்று பார்க்கலாம் என்பதுதான். கிராஃபிட்டி என்கிற இந்தச் சுவர் ஓவியத்தில் டேக் என்பது சில நொடிகளில் போடும் கையெழுத்து, த்ரோ-அப் என்பது பெயரை உப்பலான எழுத்துகளில் வேகமாக வரைவது, சில நிமிட வேலை. பிடிபடும் பயத்தோடு ராத்திரியில் வரைந்தவர்களின் அவசரம் அந்த வடிவங்களிலேயே இருக்கிறது. அனுமதியுள்ள சுவரில் அந்தப் பயம் இல்லை, அதனால் நான்கைந்து மணி நேரம் எடுத்து ஒரு முழு பீஸ், அதாவது நுணுக்கமான பெரிய ஓவியம், செய்ய முடிகிறது. முதலில் வெளிர் நிறத்தில் லேசான கோடு, அப்புறம் உள்ளே நிறம் நிரப்புவது, பின்னணி, கடைசியில்தான் அழுத்தமான வெளிக்கோடு. கேனைச் சுவருக்கு நெருக்கமாகப் பிடித்தால் கூர்மையான கோடு வரும், தள்ளிப் பிடித்தால் புகை மாதிரி பரவும், கேனின் உச்சியில் பெயின்ட் பீய்ச்சும் 'கேப்' என்ற சிறு முனையை மாற்றினால் கோட்டின் பருமனே மாறிவிடும். இதையெல்லாம் கண்ணெதிரே பார்த்த பிறகு எந்தச் சுவரைப் பார்த்தாலும் கை எப்படிப் போயிருக்கும் என்று மனசு தேட ஆரம்பித்துவிடும்.

ஆனால் நிதானமாக வரையக் கிடைக்கும் அந்த நேரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. காலையில் பார்த்த படம் சாயங்காலம் இருக்கும் என்று சொல்ல முடியாது. எல்லோருக்கும் அனுமதி என்றால், உங்கள் படத்தின் மேல் வரையவும் அடுத்தவருக்கு அனுமதி உண்டு. பெயின்ட் உரிந்த இடத்தில் உற்றுப் பாருங்கள், மரத்தின் வளையங்கள் மாதிரி அடுக்கடுக்காக நிறங்கள் தெரியும், ஒவ்வொரு அடுக்கும் யாரோ ஒருவரின் ஒரு நாள். அதற்குள்ளும் ஒரு மரியாதை இருக்கிறது: உழைத்துச் செய்த வேலையின் மேல் ஒரு கிறுக்கலைப் போடுவதை வரைகிறவர்கள் மன்னிப்பதில்லை, மேலே வரைந்தால் அதைவிட நன்றாக வரைய வேண்டும்.

ஓவியர்கள் ஒருவர் மேல் ஒருவர் வரைவது வேறு, இடத்தின் சொந்தக்காரர் மொத்தமாக அழிப்பது வேறு. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 5பாயின்ட்ஸ் என்ற கட்டடத்தில், சொந்தக்காரரின் சம்மதத்தோடு பல ஆண்டுகள் வரைந்தார்கள். 2013 நவம்பரில் ஒரே ராத்திரியில் எல்லாவற்றின் மேலும் வெள்ளை அடித்தார்கள். ஓவியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஓவியர்களின் உரிமைக்காக 1990இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் தரச் சொல்லி 2018இல் தீர்ப்பு வந்தது. முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்திருந்தால், படங்களைக் கழற்றியாவது போட்டோ எடுத்தாவது வைத்திருப்பார்கள். அந்த அவகாசத்தைக்கூடக் கொடுக்காததுதான் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. அனுமதி எதுவரை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அடுத்த சுவரிலேயே அது குற்றமாகிவிடலாம். வியன்னாவில் அனுமதியுள்ள சுவர்களில் ஒரு புறாச் சின்னம் வைத்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. காலி கேன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.

லீக் ஸ்ட்ரீட்டில் ஒரு பெண் ஆந்தை ஒன்றை வரைந்ததை நான் மூன்று மணி நேரம் நின்று பார்த்தேன். முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பையை மாட்டிக் கிளம்பிவிட்டார். மறுநாள் மத்தியானம் ஓடிப்போய்ப் பார்த்தால் சுவர் முழுக்க நீலம், மூலையில் ஒரு காது மட்டும் மிச்சம். தொண்டை அடைத்துவிட்டது எனக்கு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஞாபகம் வந்தது: முந்தின நாள் அவர் ரோலரை எடுத்து முதல் பூச்சு பூசியபோது, அந்த இடத்தில் யாரோ வரைந்த ஒரு மீன் இருந்தது.