பத்து நிமிஷம் பேச அவ்வளவு தூரம் ஏன் போறாங்க?

வணக்கம் நேயர்களே. விஞ்ஞானிங்க வருஷா வருஷம் கூடுற மாநாடு பத்திப் பேசச் சொன்னாங்க. என் ஏரியா ஸ்பெக்ட்ரோஸ்கோபி, அதாவது ஒரு மூலக்கூறு எந்த ஒளியை, எந்த ரேடியோ அலையை உறிஞ்சுது, எதை வெளிய விடுதுன்னு பாத்து அது என்ன ஆளு, எப்படிப்பட்ட வடிவம்னு கண்டுபிடிக்கிற வேலை. அதனால எங்க ஆளுங்க கூடுற இடத்தைப் பத்தியே சொல்றேன்.

மூலக்கூறு ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்குன்னு ஒரு சிம்போசியம், 1946-ல அமெரிக்காவுல ஓஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ஹரால்ட் நீல்சன் ஆரம்பிச்சு வச்சது. கொலம்பஸ் ஊர்ல ஜூன் மாசம் நடக்கும். 2013 வரைக்கும் அங்கேயே நடந்துச்சு, 2014-ல இருந்து இல்லினாய் யுனிவர்சிட்டிக்கு மாறிடுச்சு. இதை ரொம்ப காலம் கட்டி மேய்ச்சவர் நரஹரி ராவ், நம்ம பக்கத்து ஆந்திராவுல இருந்து போனவர். ஸ்டூடண்ட்ஸ் மேடை ஏறணும்னு அவர் பிடிச்ச பிடிவாதத்தாலதான், நல்லா பேசுற மாணவர்களுக்கு இன்னைக்கும் அவர் பேர்லயே பரிசு குடுக்கறாங்க.

பெரிய பேராசிரியரா இருந்தாலும் சரி, முதல் வருஷ பிஎச்டி பையனா இருந்தாலும் சரி, பெரும்பாலும் பத்து பதினைஞ்சு நிமிஷம்தான், அதுக்குள்ள சொல்லி முடிக்கணும், இல்லேன்னா செஷன் சேர், அதாவது அந்த அமர்வை நடத்துறவர், எழுந்து நின்னுடுவார். பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு செலவு பண்ணி எதுக்கு, பேப்பர்தான் நெட்ல வந்துடுமேன்னு கேப்பீங்க.

விஷயமே அங்கதான் இருக்கு. பேப்பர்ல வர்றது முடிஞ்ச வேலை. மாநாட்டுக்கு முடியாததையும் தூக்கிட்டுப் போகலாம். ஒரு பொண்ணு மைக்ரோவேவ் நிறமாலையை, அதாவது எந்தெந்த ஃப்ரீக்வென்சில மூலக்கூறு எவ்வளவு உறிஞ்சுது இல்ல வெளிய விடுதுன்னு கோடு கோடா காட்டுற படத்தை, ஸ்லைடுல போடுறான்னு வைங்க, பெரிய கோடெல்லாம் எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சாச்சு, ஆனா கொஞ்சம் கம்மி ஃப்ரீக்வென்சில நூத்துல ஒரு பங்கு உயரத்துல குட்டி குட்டியா சில கோடு, அது மட்டும் புரியல. கடைசி வரிசையில இருந்து ஒரு பெரியவர் "கார்பன்-13 பாத்தியாம்மா?"ன்னு கேப்பார். இயற்கையில இருக்கிற கார்பன்ல ஏறக்குறைய 1 சதவீதம் அந்த கனமான கார்பன், கனம் கூடினா மூலக்கூறு சுத்துற ஃப்ரீக்வென்சி இறங்கும், உயரமும் கரெக்டா பொருந்துது. மாசக்கணக்கா மண்டையை உடைச்சது காபி இடைவேளைக்குள்ள முடிஞ்சிடும். அந்தக் குட்டிக் கோடு கிடைச்சா அணுவுக்கு அணு எவ்வளவு தூரம்னு வரைக்கும் கணக்கு போடலாம், அதனாலதான் அதுக்கு இவ்வளவு மவுசு.

இன்னொண்ணு, மாநாட்டுக்குப் போன கையோட பக்கத்து ஊர் லேபையும் எட்டிப் பாக்கறது. ஹாரி குரோட்டோன்னு இங்கிலாந்துக்காரர், விண்வெளியில இருக்கிற நீளமான கார்பன் சங்கிலி மூலக்கூறுகளைத் தேடினவர். 1984 ஈஸ்டர் சமயம் டெக்சாஸ்ல ஆஸ்டினுக்கு ஒரு மாநாட்டுக்கு வந்தார். அப்படியே ஹூஸ்டன்ல ராபர்ட் கர்ல்ங்கிற விஞ்ஞானியைப் பாக்கப் போனார், கர்ல் அவரை கூட வேலை பாத்த ரிச்சர்ட் ஸ்மாலியோட லேபுக்கு அனுப்பினார். அங்க லேசரால திடப்பொருளை ஆவியாக்குற மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. இதுல கிராஃபைட்டை, அதான் பென்சில்ல இருக்கிற கார்பனை, வச்சுப் பாத்தா என்னன்னு குரோட்டோவுக்கு தோணிடுச்சு. உடனே நடக்கல, மெஷினுக்கு வேற வேலை இருந்துச்சு, 1985 செப்டம்பர்லதான் வாய்ப்பு வந்துச்சு. தேடிப் போனது சங்கிலி, கிடைச்சதோ அறுபது கார்பன் சேந்த பந்து! 1996-ல மூணு பேருக்கும் நோபல். ஆஸ்டின்ல அவர் என்ன பேசினார்னு இப்ப யாரும் கேக்கறதில்ல, பாருங்க.

கொரோனா சமயத்துல, 2021-ல, ஜூன் மாநாட்டை ஆன்லைன்ல நடத்தினாங்க. விசா, டிக்கெட் செலவு இல்ல, நம்ம ஊர் பசங்களுக்கு அது பெரிய விஷயம், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். ஆனா கடைசி வரிசை பெரியவர் ஸூம்ல மைக்கை மியூட்லயே வச்சிருப்பாரு.

போக முடியாதவங்களுக்கு ஒரு தகவல் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். அந்த சிம்போசியத்தோட பழைய உரைச் சுருக்கங்களை ஓஹாயோ ஸ்டேட், இல்லினாய் ரெண்டு யுனிவர்சிட்டியும் அவங்க லைப்ரரி தளத்துல இலவசமா போட்டிருக்காங்க. எம்எஸ்சி படிக்கிறவங்க உங்களுக்குப் பிடிச்ச மூலக்கூறு பேரைப் போட்டுத் தேடிப் பாருங்க, யார் எந்த வருஷம் அதோட மல்லுக்கட்டினாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். நன்றி, வணக்கம்.