கப்பல் பட்டியலில் ஒரு வரி

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, வணக்கம்.

1860 நவம்பர் 16. தோட்டங்களில் ஒப்பந்த வேலைக்காக, சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தது. நம் பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். ஆனால் அந்த 342 பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் விழிக்கிறார்கள். கப்பல் பட்டியலை நாம் அவர்கள் கையில் கொடுத்ததே இல்லையே!

போன வருடம் பட்டியலில் என் கொள்ளுப்பாட்டியின் வரியை மட்டும் நகலெடுத்து வகுப்பில் கொடுத்தேன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, கிராமம், அங்க அடையாளம். ஜில்லா என்ற இடத்தில் 'சிங்கிள்புட்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பிள்ளைகள் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். வரைபடத்தில் விரல் வைத்துத் தேடிய ஒரு பெண் "செங்கல்பட்டு!" என்று கத்தினாள்.

அங்க அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு. "இதை ஏன் எழுதினார்கள்?" என்று ஒரு பையன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே, "ஓடிப்போனால் பிடிக்கவா?" என்றான். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் தண்டனை உண்டு என்று அப்புறம்தான் சொன்னேன். ஒரு காகிதத்தை யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேட்க அந்தப் பையன் தானே கற்றுக்கொண்டான். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அடுத்தது கணக்கு. ஒப்பந்தப்படி முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 1895 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு வரி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்: ஆறு மாதச் சம்பளம்! மனைவிக்கும், பிற்பாடு 16 வயதான மகனுக்கும், 13 வயதான மகளுக்கும் தனித்தனியாக அதே வரி. அந்த நால்வரின் வரியைக் கூட்டியதும் வகுப்பே அமைதியானது. 1913-இல் இந்தியத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் எதற்கு என்று அதன்பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனம். இந்தப் பட்டியலை எழுதியது நம்மவர்கள் இல்லை. சாதி, பெயர் எல்லாம் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி. அதையும் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் இந்தப் பட்டியல்கள் இருக்கின்றன. இருபது பக்கம் வேண்டாம், ஒரு வரி போதும். நகலெடுத்து வகுப்புக்குக் கொண்டுபோங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் பேசாதீர்கள். பிள்ளைகளே படிக்கட்டும்.